ஐஸ்பெட்டிக்குள் வைத்த கைபேசி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. சிறுதொழில் செய்பவர்களுக்கான பத்திரிகை ஒன்று, 'வீட்டுப் பாவனைக்கு வாங்கும் கைபேசி தொழிலுக்குச் சரிவருமா?' என்று எழுதித் தரச் சொன்னது. திரை, பற்றரி, தண்ணீர் பட்டால் என்ன ஆகும், வியாபாரத் தகவலும் குடும்பப் படமும் ஒரே இடத்தில் கிடக்கலாமா என்று மூன்று பந்தி எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. போனை வைத்துத் தொழில் செய்கிற ஒருவரையாவது கேட்போம் என்று வேலணையிலிருந்து சுருவிலுக்குப் போனேன்.

2

தொடக்கம், முதல் வரைவு: நீலக்கடல் விரிந்து கிடக்க, ஜசிந்தா தன்

(வெட்டிவிட்டேன். கடல் விரிந்து கிடப்பது யாருக்குத் தெரியாது.)

இரண்டாம் வரைவு: ஜசிந்தாக்கா சுருவில் கரையில் நண்டு வாங்கிக் கம்பனிக்கு அனுப்புகிறவர். கரைக்கு வரமுன் வள்ளக்காரர் அவருக்குப் போன் எடுப்பார்கள். அவர் ஐஸோடு வந்து நிற்பார். அந்தப் போன், பாரிஸில் இருக்கும் தங்கை அன்ரனிட்டா அனுப்பியது. மெல்லிசு, கண்ணாடி முதுகு, பொன்நிறம்.

"படம் எடுக்க நல்லது," என்றார். "ஈரக்கையால தொட்டா உதுக்கு என்னைத் தெரியாது. வெயிலுக்க எழுத்தும் தெரியாது. வேற குறை இல்லை."

இதை அப்படியே போட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். களைப்பாகவும் இருந்தது. நான் எழும்பப் போனபோதுதான் அவர் யாகப்புவைப் பற்றிச் சொன்னார்.

3

யாகப்பு தனியாகக் கடலுக்குப் போகிறவர். போன வைகாசியில் ஒரு மத்தியானம் அவருடைய வள்ளத்தின் மெசின் கடலில் நின்றுவிட்டது. நங்கூரமும் பிடிக்கவில்லை. வள்ளம் காற்றுக்கு இழுபடத் தொடங்கியது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு வள்ளம் இல்லை. மகள் மேரிறோஸ் இருப்பது கொழும்பில். எந்நேரமும் போனைத் தூக்குகிற ஆள் என்று கரையில் அவருக்குத் தெரிந்தது ஜசிந்தாக்கா மட்டும்தான். எடுத்தார்.

ஆனால் வெயிலில் கிடந்த அக்காவின் போன், தன்னை ஆறவிடச் சொல்லி எழுத்துக் காட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. அக்கா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி ஐஸ்பெட்டிக்குள், நண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வேலையோடு வேலையாக மறந்துபோனார்.

(இந்த 'மறந்துபோனார்' என்ற சொல்லில் கனநேரம் நின்றேன். மென்மையான வேறு சொல் போடலாமா என்று அக்காவையே கேட்டேன். "மறந்துதான் போனனான். வேற சொல்லுப் போடாதையும்," என்றார்.)

கடைசியில் போனை எடுத்து உயிர்ப்பித்தபோது யாகப்புவின் குரல் வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

"பிள்ளை, மெசின் நிண்டிட்டுது. உன்ர போன் வேலை செய்யேல்லை. ஆரையும் அனுப்பு."

அதற்குக் கீழே, மகள் பழக்கிவிட்டபடி, தான் நின்ற இடத்தையும் வரைபடத்தில் அனுப்பியிருந்தார். அக்கா திருப்பி எடுத்தார். இப்போது யாகப்புவின் போன் செத்திருந்தது.

4

முடிவு ஒன்று: யாகப்பு கிடைக்கவில்லை. அடுத்த நாள் வெறும் வள்ளம் மட்டும்

இதை வாசித்துக் காட்டினேன். நண்டுக் கொடுக்குக்கு றப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"தம்பி, அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க நீர் ஏன் சாகடிக்கிறீர்?"

"கதைக்கு ஒரு கனம் வரும் அக்கா."

"கனம் வேணுமெண்டா உந்தப் பெட்டியைத் தூக்கும்."

முடிவு இரண்டு, நடந்தது: அக்காவின் கணவர் அமலதாஸ் வள்ளத்தை இறக்கினார். போனைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு அக்காவும் ஏறினார். வரைபடம் காட்டிய இடத்தில் ஆள் இல்லை. அங்கிருந்து காற்று இழுக்கும் பக்கமாகத் தேடிப் போனார்கள். பொழுதுபடும் நேரம், துடுப்பில் கொடிபோலக் கட்டி நிறுத்திய இடுப்புச் சாரம் ஒன்று தெரிந்தது. யாகப்பு வள்ளத்தின் அடியில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்:

"நண்டு சாகப்போகுது எண்டு கடலில விட்டிட்டன் பிள்ளை. இண்டைக்கு உனக்கு ஒண்டும் இல்லை."

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, யாகப்பு பிழைத்துக்கொண்டார்.

5

இனித் தீர்ப்பு எழுதவேண்டும். சாதாரண பொத்தான் போன் என்றால் அந்த வெயிலுக்கு நின்றிருக்காது, மணி அடித்திருக்கும். ஆனால் அதற்கு வரைபடம் வந்திராது. அவ்வளவு பெரிய கடலில் எங்கே போய்த் தேடுவது? ஆகவே இந்தக் கைபேசி தொழிலுக்கு

(முடிக்க ஏலாமல் விட்ட வசனம். பத்திரிகைக்காரர் இரண்டு தரம் நினைவூட்டிவிட்டார்கள்.)

யாகப்பு இப்போதும் நண்டை ஜசிந்தாக்காவுக்கே கொடுக்கிறார். ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனால் கடலில் மெசின் இருமினாலும், முதலில் வேலணையில் நண்டு வாங்கும் டினேஷுக்குத்தான் போன் எடுக்கிறாராம். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு.

"அது நல்லதுதானே," என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கு எடுக்கிறது நல்லதுதானே."

விசயம் அறிந்த அன்ரனிட்டா, தொழிலுக்கென்றே செய்த தடித்த போன் ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வெயில், தண்ணீர், ஈரக்கை, எதற்கும் அசையாதாம். அதைச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம் கேட்டார்:

"அது வந்தா யாகப்பு அண்ணை திரும்பவும் முதல்ல எனக்கு எடுப்பாரோ? உதுகளைப் பற்றி எழுதுறனீர்தானே, சொல்லும்."

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே சொல்லுங்கள். அவர் கையில் றப்பரோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.