நாற்பது முட்டை ஓடுகள்

1988 ஏப்ரல் 5, செவ்வாய். அம்மாவின் உணவுப் பட்டியலில் ஒரு சிறு தவறு. முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டுச் 'சாப்பிட்டார்' என்று எழுதியிருக்கிறேன். ஓடு கிடந்தது என்று மட்டுமே எழுதியிருக்க வேண்டும். நாற்பது நாளும் இதே தவறு.

அதற்கு மேல் நோட்டில் ஞானகுமாரிக்குப் பேனா ஓடவில்லை. அம்மா லூர்தம்மாளை அடக்கம் செய்து ஏழு நாள்தான் ஆகிறது.

அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார், மாத்திரையோடு உடம்பும் தேற வேண்டும் என்று. பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, மாலையில் சத்துணவியல் வகுப்பு என்று அலைந்துகொண்டிருந்த ஞானகுமாரி, வகுப்பில் படித்ததைச் சேக்காட்டில் தங்கள் வீட்டுச் சுவரில் பட்டியலாக ஒட்டினாள். நாளுக்கு ஒரு முட்டை, மஞ்சள் கருவோடு. முட்டை மட்டும் போதாது. பருப்பு, கீரை, ஒரு பழம். காலை ஆறரைக்கு முட்டையை அவித்துக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். திரும்பியதும் குப்பைக் கூடையில் ஓட்டைப் பார்த்து, 'சாப்பிட்டார்' என்று எழுதி டிக் போடுவாள்.

பட்டியல் நிறைய நிறைய அம்மா இளைத்தாள். முப்பத்தாறு கிலோ, முப்பத்தைந்து, முப்பத்துமூன்று. தன் சமையலில்தான் கோளாறு என்று நினைத்தாள் ஞானகுமாரி. "பத்து நிமிஷம் அவிச்சா சத்து போயிடுமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து ஒன்பது நிமிடம்.

இன்று காலை பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். ஐந்து மாத வயிறு.

"யக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"இன்னா?"

"உங்கம்மா முட்டைய நான்தான்க்கா துன்னேன். டெய்லி."

ஞானகுமாரி சுவரில் இருந்த பட்டியலைத் திரும்பிப் பார்த்தாள்.

"முட்ட சூடு, கலைஞ்சிடும்னு எங்க மாமியா தொட உடாது. உங்கம்மாதான் கூப்புட்டுக் குடுக்கும். 'தவக்காலம்டி, முட்டைய ஆண்டவருக்கு உட்டுட்டேன். நீ துன்னு, உன் புள்ளைக்கு ஆவட்டும். ஓட்ட மட்டும் இங்கயே போட்டுட்டுப் போ. எங்கூட்டு இன்ஸ்பெட்டரம்மா வந்து எண்ணுவா'ன்னு சிரிக்கும்."

"ஒரு நாள்கூட சாப்புடலியா?"

"மோந்து பாக்கும். வாசன நல்லாக்கீதுன்னும்." தாட்சாயிணி அழ ஆரம்பித்தாள். "சாவறதுக்கு மொத நாளுகூட குடுத்துச்சுக்கா."

நோயாளிகளுக்கு ஒறுத்தல் கிடையாது, அவர்கள் எந்த உணவையும் விட வேண்டியதில்லை என்று கோயிலில் வருடா வருடம் சொல்வார்கள். அது ஞானகுமாரிக்கு நன்றாகத் தெரியும். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு நுரையீரலும் போய்விட்டன, முட்டையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லக்கூடும். அதை நோட்டில் எழுதினாள். தனக்குச் சாதகமாக இருப்பதாகப் பட்டது. அடித்தாள். முட்டை தின்றிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எழுதினாள். அதுவும் தெரியாதே. அதையும் அடித்தாள்.

காலையில் தாட்சாயிணி எழுந்து போகும்போது, "இப்ப உனக்கு யாரு குடுக்கறா?" என்று ஞானகுமாரி கேட்டிருந்தாள்.

"யாரு கீறா, போக்கா" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் அவள்.

ஞானகுமாரி கடைசி வரிகளை எழுதினாள்:

நாளை: காலை ஆறரைக்கு ஒரு முட்டை அவிக்க வேண்டும். தாட்சாயிணியைக் கூப்பிட வேண்டும். தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார வேண்டும். ஏழு மணி ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போக வேண்டும்.