ஹியூஸ்டனிலிருந்து வந்த மருமகள்

அப்பாவின் சவப்பெட்டித் தலைமாட்டில் எரிந்த விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் கலாராணி அந்தப் பெண்ணைக் கவனித்தாள். ஒப்பாரி வைக்கும் பெண்களுக்கு நடுவில் அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ரெங்கம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சாதாரணக் குரலில் விசாரித்தாள்.

"எந்தத் தோட்டத்திலேருந்து வாறீங்க?"

"ஹியூஸ்டன்."

"அது எங்கிட்டு இருக்கு? லுணுகலைக்கு அங்கிட்டா?"

கலாராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையிலிருந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயம் முழுவதும் ஒரு வெள்ளைக்காரிக்காகக் காத்திருந்தது. செத்துப்போன அழகையாவின் மருமகள் அமெரிக்காவிலிருந்து வருகிறாள் என்றால், எல்ல ஊர் ரயில் பாலத்தின்மேல் நின்று படம் பிடிக்கிற சுற்றுலாப் பெண்களைப் போல ஒருத்தி வந்து இறங்குவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வழி காட்டுவதற்கு ரோட்டு முனையில் ஆள்கூட நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரேயே இவள் அப்புத்தளை ஆட்டோவிலிருந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். மாநிறம். முதுகில் ஒற்றைப் பின்னல். கசங்கிய வெள்ளைச் சுடிதார். தூரத்துச் சொந்தம் யாரோ என்று வழிவிட்டு நின்றிருக்கிறார்கள்.

அவள் எழுந்து பெட்டியருகே வந்தாள். விமானம் நடுவானில் இருந்தபோது, நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில், மாமனார் போய்விட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கித்தான் அவளுக்குச் செய்தி தெரியும். பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"மாமா, நா வந்துட்டேன்."

கலாராணி திரும்பிப் பார்த்தாள். சொல்லை இழுக்கிற அந்த விதம் அப்படியே ரஜீவ். தம்பி பத்து வருடத்துக்கு முன் இங்கிருந்து கொண்டுபோன பேச்சு, வேறொருத்தி வாயில் திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டு அழுகை வருவதற்குப் பதிலாக அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"மொகம் கழுவிட்டு வாங்க. தேத்தண்ணி தாறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ரெங்கம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடியாத்தே, ரஜீவு பொண்டாட்டியா நீ? நம்ம புள்ளயாட்டமே இருக்க. பேரு என்னாம்மா?"

"யெசேனியா."

"யசோதா. நல்ல பேருதான்."

அவள் திருத்தவில்லை. களைப்போடு சிரித்தாள். "அங்க ரஜீவுக்கும் பேரு மாத்திட்டாங்க. கிச்சன்ல எல்லாரும் ரவுல்னுதான் கூப்புடுவாங்க."

ரஜீவ் போன வழி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத கதை. ஏஜென்ட் ஒருவன் பிரேசில் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து காடும் ஆறும் பஸ்ஸுமாக ஒவ்வொரு நாடாகக் கடந்து டெக்சஸ் எல்லையில் பிடிபட்டான். அடைத்து வைத்தார்கள், பிறகு வழக்குப் போட்டு வெளியே விட்டார்கள். அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. ஹியூஸ்டனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சேர்ந்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மெக்சிகோ, ஹொண்டுராஸ் ஆட்கள். ஆங்கிலத்துக்கு முன் ஸ்பானிய மொழி அவன் நாக்கில் ஏறியது. அங்கேதான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற யெசேனியாவைக் கட்டிக்கொண்டான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கல்யாணச் செய்தி வந்த நாளிலிருந்து அப்பா மகனோடு பேசினாரே தவிர மருமகளோடு பேசவில்லை. போனில் அவள் முகம் தெரிந்தால் கையை நீட்டித் தள்ளிவிடுவார்.

போன வாரம் கலாராணிதான் தம்பியிடம் சொன்னாள். "டாக்டர் கைய விரிச்சிட்டாரு. வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போடா." அவன் "வாறேன்க்கா" என்றான். அடுத்த நாளைக்கு அடுத்த நாள், "நா வரல. யெசேனியா வருவா" என்று செத்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பொண்டாட்டிதான் தடுத்துவிட்டாள் என்று கலாராணி முடிவு கட்டினாள். தம்பியையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவைவிட உனக்கு அந்த ஊர் பெரிதாகப் போய்விட்டதா என்று குரல் செய்தி அனுப்பினாள். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல், தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அம்மா போன பிறகு அப்பாவை ஒற்றை ஆளாகத் தூக்கி இறக்கியவள் அவள். நேற்று மத்தியானம் அப்பா கண்ணைத் திறந்து, "வந்துருச்சா?" என்று கேட்டார். "வரலப்பா. அவன் வரமாட்டான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் இன்னொன்று சொல்ல வாயெடுத்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிறகு அவர் பேசவே இல்லை.

வாசலில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மகன் ஜெயகுமார் கொள்ளிக்குடம் எடுப்பதற்காகத் தலையை மழித்துக்கொண்டு வேட்டியோடு இருந்தான். தோட்டத்து யூனியன் தலைவரும் அவன்தான். தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்த யெசேனியாவைப் பார்த்து, கலாராணியிடம் கேட்டான்.

"இவங்க அமெரிக்காக்காரங்கதானே? வெள்ளையா இல்லியே?"

யெசேனியாவுக்கே புரிந்துவிட்டது. தமிழ் போதாத இடத்தில் ஆங்கிலத்தில் சொன்னாள். கலாராணி வேண்டாவெறுப்பாக அதை எடுத்துச் சொன்னாள். அவள் பிறந்தது டெக்சஸில். அவள் அப்பா, அவருடைய அப்பா எல்லோரும் அங்கேயே பிறந்து, அங்கேயே தோடம்பழத் தோட்டங்களில் ஆரஞ்சு பறித்தவர்கள். அம்மா மட்டும்தான் மெக்சிகோவிலிருந்து வந்தவள். ஆனாலும் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும், நீ உண்மையில் எந்த ஊர் என்று கேட்பார்கள். அவள் ஆட்களுக்கு நிலையாக ஒரு பெயரும் இல்லை. ஒருவர் ஹிஸ்பானிக் என்பார், ஒருவர் லத்தீனோ என்பார், ஒருவர் மெக்சிகன் என்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிற ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் ஒரு சண்டை.

ஜெயகுமார் துக்க வீடு என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"கேளுங்கடா கதய! நம்மளயும் அப்புடித்தானே? இந்தியத் தமிழர்னு எழுதுறான். நா இந்தியாவ டீவீலதான் பாத்திருக்கேன். மலையகத் தமிழர்னு போடுங்கடான்னு எத்தன கூட்டம் போட்டிருப்போம். பெரியப்பா எல்லாத்துக்கும் வந்து முன்வரிசைல ஒக்காருவாரு."

யெசேனியா முழுவதையும் புரிந்துகொண்டாளோ இல்லையோ, பெட்டி இருந்த திசையில் திரும்பிப் பார்த்தாள். அவள் தோளில் மாட்டியிருந்த சிறு பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள். வந்ததிலிருந்தே அப்படித்தான். தேத்தண்ணி குடிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

எடுக்கிற நேரம் வந்ததும் ரஜீவை வீடியோவில் கூப்பிட்டார்கள். கலாராணி போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "யப்பா" என்று அவன் கத்தினான். சின்ன வயதில் ஆற்றில் விழுந்தபோது கத்தினானே, அதே சத்தம். லயத்துப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். வாய்க்கரிசி போட யெசேனியா முன்னால் வந்து, ஒரு கணம் போனைக் கையில் வாங்கித் திரையில் தன் முகத்தைக் காட்டினாள்.

"அக்காகிட்ட குடு" என்றான் அவன்.

அவள் போனைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். கலாராணியும் பார்த்தாள்.

பெட்டி படியிறங்கி, தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் திரும்பியது. மலைக்குப் பின்னால் மயானம். வழக்கப்படி பெண்கள் வளைவிலேயே நின்றுவிட வேண்டும். யெசேனியாவை ரெங்கம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். யெசேனியா கலாராணியின் போனை வாங்கி ஜெயகுமாரின் கையில் கொடுத்தாள். "அவனுக்கு எல்லாம் காட்டுங்க. மண்ணு போடுறது, எல்லாம்" என்றாள்.

தப்பு மேளச் சத்தம் மலையைச் சுற்றித் தேய்ந்துகொண்டே போனது. மற்றப் பெண்கள் திரும்பி நடந்தார்கள். கலாராணி வளைவிலேயே நின்றாள். யெசேனியாவும் நின்றாள். அவர்களுக்குக் கீழே பனி மூட்டம் ஏறி வந்து தேயிலையை மூடிக்கொண்டிருந்தது.

"அவன் ஏன் ஒங்களோட பேசமாட்டேங்கிறான்?" என்று கலாராணி கேட்டாள். மனசில் இருந்த கேள்வி வேறு. வாயில் வந்தது இது.

"நா அவன் பாஸ்போர்ட்ட ஒளிச்சிட்டேன்."

கலாராணி அவளை முறைத்தாள்.

"டிக்கெட்டு வாங்கிட்டான் அக்கா. பேக் கட்டிட்டான். நா பாஸ்போர்ட்ட எடுத்துப் போயி, நா ஓட்டுற பஸ்ல, சீட்டுக்குக் கீழ வச்சேன். அவன் வீடு பூரா தேடினான். பொறகு சொன்னேன், நா குடுக்கமாட்டேன், நா போறேன்னு. அப்பலேருந்து பேச்சு இல்ல."

"பெத்த அப்பன பாக்க வாறவன தடுக்கிறதுக்கு நீங்க யாரு?"

யெசேனியா பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் நுனியைத் திருகினாள். பிறகு ஆங்கிலமும் தமிழுமாக மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

ரஜீவ் டிக்கெட் வாங்கிய மறுநாள், அவன் வேலைக்குப் போயிருந்த நேரம், மாமாவுக்கு அவள் தானாகவே போன் எடுத்தாள். மகன் வருகிறான் என்ற சந்தோஷத்தையாவது தன் வாயால் சொல்லலாம் என்று. இந்தத் தடவையாவது பேசமாட்டாரா என்று. கலாராணி அப்போது முன்பள்ளியில் இருந்திருப்பாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார். புரியாதவளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தரம் சொன்னார். அதை அவள் அப்படியே மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

"அவன வரவிடாதம்மா. வந்தா திரும்பிப் போக முடியாது. புள்ள அங்க நிக்கிது. நா சொன்னேன்னு சொல்லாத, சொன்னா அழுதுகிட்டே வந்துருவான். நீ வா."

அந்தச் சொற்கள் அப்பாவின் சொற்கள்தான். இட்டுக்கட்ட முடியாது.

"அவரு சொன்னது சரிதான் அக்கா. நாட்ட விட்டு வெளிய காலு வச்சா வழக்கு முடிஞ்சிச்சி. பத்து வருஷம் உள்ள விடமாட்டாங்க." அவள் பையைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ள என் பாஸ்போர்ட்டு. நா அங்கயே பொறந்தவ. இருந்தாலும் இப்ப பாலு வாங்கப் போனாலும் எடுத்துட்டுத்தான் போவேன். போன குளிர்காலம் ரஜீவ ஒரு கடை வாசல்ல மறிச்சாங்க. முகமூடி போட்ட இமிகிரேசன் ஆளுங்க. ஸ்பானிஷ்ல கேட்டாங்க. இவனும் பழக்கத்துல ஸ்பானிஷ்லயே பதில் சொல்லிட்டான். பொழுது சாயிற வரைக்கும் வண்டியில ஒக்கார வச்சிட்டாங்க. ஸ்ரீ லங்கான்னா நம்பல."

கலாராணி பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஐந்தோ ஆறோ வயது இருக்கும்போது நடந்தது நினைவுக்கு வந்தது. அப்பாவின் அக்கா குடும்பத்தை, இரு நாட்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அத்தை நீலகிரியில் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கு அப்போது இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை, அந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. யாரிடம் போய்ப் பயணத்துக்கு அனுமதி கேட்பது? அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அப்புத்தளை ஸ்டேசனுக்குப் போனார். வந்த ரயில்களையெல்லாம் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயந்திரம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. போக முடியாதவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். திரும்ப முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்பதையும் அவர் யோசித்திருக்கிறார்.

நேற்று அவர் கேட்டது, "வந்துருச்சா?"

மகனைக் கேட்டிருந்தால் "வந்துட்டானா" என்றிருப்பார்.

மலைக்கு அந்தப் பக்கம் தப்பு நின்றது. குழியில் இறக்குகிறார்கள். யெசேனியா கண்ணை மூடி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஏதோ பிழை செய்துவிட்டவளைப் போலக் கலாராணியைப் பார்த்தாள்.

"போடுங்க. ஒன்னும் ஆகாது" என்றாள் கலாராணி. கொஞ்சம் பொறுத்து, "அவன்கிட்ட நீ ஏன் சொல்லல?" என்றாள். 'நீங்க' என்பது தானாகவே உதிர்ந்துபோயிருந்தது.

"மாமா சொல்லாதன்னாரு. அவன் என்மேல கோவமா இருக்கட்டும் அக்கா. அப்பாமேல கோவம் வரவேணாம்."

ஆண்கள் திரும்புவதற்கு முன் பெண்கள் குளித்தாக வேண்டும். லயத்துக்குக் கீழே பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்குக் கலாராணி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். தன்னுடைய பழைய பாவாடை ஒன்றை மார்போடு கட்டிவிட்டாள். தண்ணீர் பட்டதும் யெசேனியா பல் கிட்டிக்க ஏதோ ஒரு சொல்லைக் கத்தினாள். துணி தோய்க்கிற கல்லில் இருந்த ரெங்கம்மா, "இந்தக் குளிருக்கு எங்க புள்ளைகளும் இப்புடித்தான் கத்தும்" என்றாள்.

மயானத்திலிருந்து முதல் ஆளாக வந்த ஜெயகுமார், மேலே பாதையில் நின்றபடியே போனைத் துவாய்த் துண்டில் சுற்றி ரெங்கம்மாவிடம் நீட்டிவிட்டுப் போனான். அவள் அதைக் கல்மேல் வைத்த கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. யெசேனியாவின் தலை முழுவதும் சவர்க்கார நுரை. கலாராணி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சி. பாத்தேன்" என்றான் ரஜீவ்.

"ரஜீவு, ஒன்னு சொல்றேன் கேளு. ஒன்னய வரவேணாம்னது இவ இல்ல. அப்பா."

யெசேனியா கண்ணைத் திறக்க முடியாமல், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நுரை தெறித்தது. கலாராணி நிறுத்தவில்லை.

"அவரே இவகிட்ட சொன்னாரு. இவள வரச் சொன்னதும் அவருதான். கடைசியா கேட்டதும் இவளத்தான். வந்துருச்சான்னு கேட்டாரு. எனக்குத்தான் வெளங்கல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவ பக்கத்துல இருக்காளா?" என்றான் கடைசியில்.

கலாராணி போனை யெசேனியாவின் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவள் முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். பிறகு பேசத் தொடங்கினாள். வேகமான, உருண்டோடுகிற அந்தப் பேச்சில் கலாராணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர் மலையில் பனி விலகுவதைப் பார்த்தபடி நின்றாள். சவர்க்காரத் தண்ணீர் அவள் முழங்கை வழியே வழிந்து சொட்டியது. கை கடுத்தபோது, பேச்சு தடைப்படாமல், போனை மெல்ல மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.