மேட்டுக்காரருக்கு ஓர் இடம்

முழங்கால் ஆழம் தோண்டியிருந்தபோது தொல்லியல் அதிகாரி வந்து நின்றார். சாவுச் செய்தி கேட்டு வந்தவர்தான். குழியைப் பார்த்ததும் முகம் மாறியது. ஓங்கிய மண்வெட்டியோடு தம்பி திரும்பினான். "இன்னைக்குக்கூடவா சார்?" என்றான்.

வயலின் நடுவே கவிழ்த்த சட்டிபோலக் கிடந்த அந்த மேடு, எழுத்தே இல்லாத காலத்து மனிதர்களின் கல்லறை. சுற்றிலும் கம்பிவேலி, அரசாங்கப் பலகை. அப்பா ஆயுள் முழுக்க அதைச் சுற்றியே உழுதார். நல்ல நிலத்தை விழுங்கிவிட்டதென்று தொல்லியல் துறைக்கு ஓயாமல் மனுப் போட்டார். இந்த அதிகாரியோடு அவர் போடாத சண்டை இல்லை. ஊரே அவரை மேட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. படுத்த படுக்கையானபின் மனசு எப்படி மாறியதோ, நேற்றுச் சாயங்காலம் அக்காவின் கையைப் பிடித்து, மேட்டின் காலடியிலேயே தன்னைப் போடச் சொன்னார். விடிவதற்குள் போய்விட்டார்.

அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். வேலிக்கு வெளியே என்றாலும் இதுவும் பாதுகாப்பு எல்லைதான். வரப்புக்கு அந்தப் பக்கம் என்றால் தடையில்லை.

"அப்பா கேட்டது இது ஒண்ணுதான்க்கா. இதையும் செய்யலைன்னா நான் எதுக்குப் பிள்ளை?" என்றான் தம்பி.

அக்கா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். கருமண்ணில் சிவப்பாக ஒரு பானை ஓட்டுத்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில், யாரோ ஈரக்களிமண்ணில் நகத்தால் கீறிய கோடு. சட்டம் அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, மேலே தோண்டச் சொல்ல மனம் வரவில்லை.

"இங்கயும் யாரையோ அழுதுகிட்டேதான் கொண்டாந்து போட்டிருப்பாங்க," என்றாள். "வாடா, அந்தப் பக்கம் போயிடலாம்."

தம்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டினான். அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. ஆபீஸில் இனி யார் வந்து தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் முதல் குழிக்குத் திரும்பினாள். மண்ணைக் கையாலேயே தள்ளி நிரப்பினாள். பிறகு, பெயர்த்து ஓரமாகக் குவித்திருந்த புல்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பதிக்க ஆரம்பித்தாள். தம்பி எப்போது வந்தானோ, எதிரே குந்தி உட்கார்ந்து, வேர்மண் உதிராமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.