ஒரு நாளைக்கு இரண்டு பேர்

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடும் ஓர் இணையதளம். அதற்குக் கணக்கு நிரப்புவதுதான் அக்காவின் வேலை. ஆபீசில் வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தத் தம்பி கூப்பிட்டுத்தான் ஆறு வருஷம் ஆகிறது.

அம்மா போன அன்று காலை ஆறு மணிக்கு அவனுக்குப் போன் போட்டாள். சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் அவன் வாசலில் வந்து நின்றான். அவளுக்கு நாக்கில் சனி. "எல்லாம் முடிஞ்சப்புறம் விருந்தாளியாட்டம் கைய வீசிக்கிட்டு வந்து நிக்கிறியா? மனசு இருந்தா நேரத்துக்கு வந்திருப்பே. இனிமே வராதே!" உண்மையிலேயே அவன் கையில் ஒரு பை கூட இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

இந்த வேலைக்கு வந்த மூன்றாம் மாதம், அவன் ஊருக்கும் இந்த ஊருக்குமான பக்கம் அவள் கைக்கே வந்தது. பதினான்காயிரத்து இருநூறு கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இருபத்தைந்து மணி நேரம். விரல்விட்டு எண்ணினாள். போனை வைத்த கையோடு கிளம்பியிருக்கிறான். துணி எடுத்து வைக்க அவனுக்கு ஏது நேரம்?

தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் மட்டும் வீம்பு விட்டுவிடுமா? முதலில் அவனே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள். ஆனாலும் தினம் மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். ஈ காக்கை எட்டிப் பார்க்காத பக்கம் அது. 'இன்றைய வருகை: 1' என்று காட்டும். அந்த ஒன்று அவள்தான்.

போன வாரம் அது இரண்டானது. இன்னொரு வருகை தம்பியின் ஊரிலிருந்து. மறுநாளும் இரண்டு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வரும் வழியைத் தேடிப் பார்க்கிறான், வரத்தான் போகிறான் என்று வீட்டில் பூட்டிக் கிடந்த அறையைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பைக்கூட மாற்றினாள்.

எட்டாம் நாள் மனசு தாங்காமல் ஆபீஸ் இன்ஜினியரிடம் காட்டினாள்.

"இது ஆளே இல்லக்கா, அந்த ஊர்ல யாரோ போன வாரம் புதுசா ஓட விட்ட மெஷின். தினமும் எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவ புரட்டிட்டுப் போகும்," என்றார் அவர். பிறகு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "ஆனா இந்த இன்னொண்ணு நிஜ ஆளு. நம்ம ஆபீஸ்லேர்ந்துதான். ரெண்டு வருஷமா, சரியா சாப்பாட்டு நேரத்துல. பாவம், யாரோ அங்க போகத் தவிக்கிறாங்க. யாருக்கா அது?"

அக்கா டப்பாவை மூடிவிட்டு மாடிப்படிக்குப் போனாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. எண் மனப்பாடமாகவே இருந்தது.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தான். அவள் எண்ணை அவன் வைத்திருக்கவில்லை போலிருக்கிறது.

"யாருங்க?"

"நான்தான்டா," என்றாள். "இருபத்தஞ்சு மணி நேரம்டா. அப்ப எனக்குத் தெரியாதுடா."