அஞ்சாம் பாட்டு

திருப்பூர்ப் பக்கம் நாலு பேர் கூடினால் ஆர்டர் பற்றித்தான் பேசுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருமாநல்லூரில் சசிகுமாரின் பிரிண்டிங் பட்டறை மாடியில் கூடியவர்களும் ஆர்டர் பற்றித்தான் அடித்துக்கொண்டார்கள். பனியன் ஆர்டர் அல்ல, பாட்டு ஆர்டர். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வரவேண்டும் என்ற சண்டை. இதற்காக வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் கறிச்சோற்றையும் அரக்கப்பரக்க விழுங்கிவிட்டு வந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ‘கொடுக்கு’ என்பது உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு. முதல் ஆல்பம் முழுக்க இடி. இரண்டாவதான ‘ஒன்றரை ஷிப்ட்’ பாதி இடி, பாதி தூறல். அது வந்த நாளிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். இப்போது அதை இசைத்தட்டாகப் போடப்போகிறார்கள். ஆல்பத்தில் ஒன்பது பாட்டு, தட்டில் எட்டுக்குத்தான் இடம். எதை விடுவது, மீதியை எப்படி அடுக்குவது என்று ஊர் ரசிகர்களே கூடிச் சொல்லட்டும், அப்படியே போடுகிறோம் என்று குழு அறிவித்துவிட்டது. பெருந்தன்மைதான். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தோமோ என்று பின்னால் அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரையும் வைக்கவில்லை. ஆனால் தனபால் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர் பேசி முடிக்கிற மெர்ச்சன்டைசர். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடம் பேசிப் பேசி, இல்லாததை இருக்கிறதாகவும் இருக்கிறதை இல்லாததாகவும் காட்டப் பழகிய வாய். அந்த வாய்தான் ஐந்தாம் பாட்டுக்குப் பட்டப்பெயர் வைத்தது.

ஐந்தாம் பாட்டு ‘ஈரம்’. அதில் கிட்டார் இல்லை, டிரம் இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் ஒரு பெண்ணின் குரலும் மட்டும். பாடியவர் யார் என்று போடவில்லை, ‘குரல்: ஒரு தோழி’ என்பதோடு சரி. ஆல்பம் வந்த அன்றே தனபால் வாட்ஸ்அப்பில் எழுதினான்: “நாலு பாட்டு ஃபுல் ஸ்பீடுல ஓடுது. அஞ்சாவதுல பவர் கட். அத்தனை மிஷினும் நின்னுபோச்சு. ஆறாவதுலதான் ஜெனரேட்டர் போடறாங்க.” மிஷின் நின்றால் சம்பளம் நிற்கிற ஊரில் அதைவிட ஒரு நக்கல் உண்டா? பற்றிக்கொண்டது. குழுவின் பாட்டுக்குக் கீழே யார் யாரோ ‘பவர் கட், பவர் கட்’ என்று எழுதினார்கள். தனபாலுக்குத் தலைகால் புரியவில்லை.

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அதை எழுதுவதற்குச் சற்று முன்னால், சாயப்பட்டறை வாசலில் துணிக்குக் காத்திருந்தபோது, காருக்குள் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டு அவன் அழுதிருந்தான். எதற்கு அழுதோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. சாம்பிள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று தோன்றியது. அழுத ஈரம் காயும் முன்பே நக்கலை எழுதி அனுப்பினான். அதற்குப் பிறகும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

கூட்டத்துக்குப் புதிதாக மாதவன் வந்திருந்தான். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், ஒரு கம்பெனியில் துணி கோடவுனைப் பார்த்துக்கொள்கிறவன். கூடவே மனைவி ஆஷாவும் வந்திருந்தாள்.

“அண்ணே, இது என் வீட்டுக்காரம்மா. இவளும் நம்ம ஆல்பத்தைக் கேப்பா. இவ ஒரு சிங்கருண்ணே” என்றான் மாதவன், நெஞ்சை நிமிர்த்தி.

“அப்படீங்களா! எந்தக் கம்பெனியிலீங்க? ஷிப்டுக்குப் போறீங்களா, பீஸ் ரேட்டுங்களா?” என்று கேட்டான் தனபால்.

அவன் கிண்டல் செய்யவில்லை. பனியன் கம்பெனியில் சிங்கர் என்றால் பாடுகிறவர் என்று யாரும் நினைப்பதில்லை. சிங்கர் மிஷினில் தைக்கிறவர் சிங்கர், ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவர் ஓவர்லாக். மாதவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆஷா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இப்ப எங்கயும் போகலைங்க” என்றாள்.

“எங்க கம்பெனியில சிங்கருக்கு ஆள் கெடைக்காம அல்லாடறோமுங்க. நாளைக்கே வாங்க, நான் சொல்லி வெக்கிறேன்.” தாராளம் அவனுக்கே பிடித்திருந்தது.

சண்டை ஆரம்பமானது. முதல் பாட்டு ‘சைரன்’ என்பதில் தகராறு இல்லை. கடைசியில் ‘பாய்லர்’ வரவேண்டும் என்று ஒருத்தர், பாய்லரைக் கடைசியில் வைத்தால் கேட்டுவிட்டுத் தூங்கவா முடியும் என்று இன்னொருத்தர். ‘பீஸ் ரேட்’, ‘சம்பள நாள்’ இரண்டும் ஒட்டி வரவேண்டும், வேலை செய்தால் சம்பளம் வரவேண்டாமா என்றான் சசிகுமார். பையிங் ஆபீசில் டிசைனராக இருக்கும் யாழினி மட்டும் எல்லோரும் பயந்த இடத்தில் கை வைத்தாள்.

“ஈரத்தை முதல் பக்கத்துக்குக் கடைசியா வெக்கலாமுங்க. அது முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி தட்டைத் திருப்பிப் போடோணும். அந்தப் பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கோணும்னு தோணுமல்லங்க, அதுக்குத் தட்டே எடம் குடுக்குது.”

அழகான யோசனை. தனபாலுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் எல்லோரும் திரும்பி அவன் வாயைப் பார்த்தார்கள். வாய் சும்மா இருக்குமா?

“தட்டைத் திருப்பறதுக்கு மொதல்ல கரண்ட் வரோணுமல்லங்க?”

மாடியே அதிர்ந்து சிரித்தது. யாழினியும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். ஆஷாவும் சிரித்தாள். தான் இன்றைக்கு நல்ல ஓட்டத்தில் இருப்பதாகத் தனபால் நினைத்துக்கொண்டான்.

டீ வாங்கக் கீழே இறங்கியபோது மாதவன் பின்னாலேயே வந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் சிங்கருன்னு சொன்னது தையல் சிங்கர் இல்லண்ணே. அவ பாடுறவ. திருவிழாக் கச்சேரியில பாடுவா. கொடுக்குல டிரம் அடிக்கிற தம்பி எங்க கச்சேரிக்கு வாசிக்க வருவான், அவன்தான் கூட்டிட்டுப் போயிப் பாட வச்சான். அந்த அஞ்சாம் பாட்டு அவ பாடுனதுண்ணே.”

தனபாலுக்குக் காது அடைத்தது. டீக்கடைக்காரர் எத்தனை டீ என்று கேட்டதுகூட விழவில்லை.

“அந்தப் பவர் கட்டுப் பேச்சு வந்ததுலருந்து அவ மேடை ஏறலண்ணே. ஏறுனா கீழேருந்து எவனாச்சும் பவர் கட்டுன்னு கத்திருவானோன்னு பயப்படுறா. இன்னைக்கு இங்க வருவோம்னு அவதான் சொன்னா. ஒருத்தராச்சும் நல்லதாச் சொல்ல மாட்டாங்களான்னு. அந்த யாழினிப் பிள்ளை நல்லதாச் சொல்லுச்சு, நீங்க…” மாதவன் நிறுத்திக்கொண்டான். “நீங்க சொன்னாக் கேப்பாங்கண்ணே. அதை மட்டும் விட்டுறாதீங்க. நான் சொன்னதா அவகிட்ட காட்டிக்காதீங்க.”

“அய்யோ, எனக்குத் தெரியாதுங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்” என்றான் தனபால். சத்தியமாகப் பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தான். படியேறும்போதே மனதுக்குள் பேச்சைத் தயார் செய்தான். ‘நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க, நெசத்துல அதுதான் ஆல்பத்துலயே நல்ல பாட்டு’ என்று ஆரம்பிக்கலாம். பையரிடம் இதைவிடப் பெரிய பல்டிகள் அடித்தவன்தான்.

டீ குடித்து முடித்ததும் சசிகுமார் எழுந்தான். “எதை விடறதுன்னு மொதல்ல முடிவு பண்ணிருவோமுங்க. அஞ்சாம் பாட்டு வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க.”

“பவர் கட்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு. கைகள் எழுந்தன. ஆனாலும் எல்லோரும் தனபாலைத்தான் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். இத்தனை மாதமும் இவன் பேச்சைக் கேட்டுச் சிரித்த முகங்கள். நான் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதேன் என்று இந்த முகங்களிடம் எப்படிச் சொல்வது? பெரிய மனுஷன், அழுமூஞ்சி என்று நாளைக்கு எவனாவது எழுதினால்?

அப்போது ஆஷா கையைத் தூக்கினாள். முழுதாகக்கூட இல்லை, தோள் உயரத்துக்கு. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி. மாதவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் தனபாலைப் பார்த்தான்.

தனபாலுக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவன் கூசிக் கூசிச் செத்தான். பாடினவளே வேண்டாம் என்கிறாள், நடுவில் நமக்கென்ன வந்தது, ஊரோடு ஒத்துப்போவோம் என்று ஒரு நியாயம் கிடைத்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அவனும் கையைத் தூக்கினான். அதற்குப் பிறகு தூக்காதவர்கள் மாதவனும் யாழினியும்தான். சசிகுமார் அங்கேயே போனை எடுத்து, மீதி எட்டுப் பாட்டையும் தனபால் சொன்ன வரிசைப்படி அடித்துக் குழுவுக்கு அனுப்பினான். எல்லோரும் கை தட்டினார்கள். ஆஷாவும் தட்டினாள்.

மாதவனும் ஆஷாவும் எழுந்து கிளம்பியதும் தனபாலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றுக்குப் போகிறவன் போல எழுந்து, படி இறங்கி ஓடினான். மாதவன் பைக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்ற ஆஷாவிடம் போய், மேலே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் புடிக்குமுங்க. நெசமா. கேட்டு அழுதிருக்கிறேன்.”

அவள் மாதவனைப் பார்த்தாள். அவன் சொல்லிவிட்டான் என்று புரிந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று தனபால் எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எனக்கு வெக்கமா இருந்துச்சுண்ணே, தூக்கிட்டேன்” என்றாள். “நீங்க எதுக்குத் தூக்குனீங்க?”

குத்திக்காட்டுகிற கேள்வி இல்லை அது. தெரியாமல்தான் கேட்டாள். பதிலுக்காக நின்றாள். தனபால் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மாதவன் பைக்கைக் கிளப்பினான். அவள் ஏறி உட்கார்ந்து, மரியாதைக்குத் தலையை அசைத்தாள். வண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பியது.

“தனபாலண்ணா, எங்க போனீங்க? நீங்க இல்லாம எப்படிங்க போட்டோ எடுக்கறது? வாங்க!” மாடியிலிருந்து சசிகுமார் கூப்பிட்டான்.

இப்போதாவது மேலே போய்ச் சொல்லிவிடலாம். அனுப்பினதைத் திருப்பி வாங்க ஒரு போன் போதும். படியேறும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தான். மேலே போனதும் நடுவில் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள். போய் நின்றான். எல்லோரும் ‘பவர் கட்’ என்று கத்தியபோது அவனும் கூடச் சேர்ந்து கத்தினான்.