நாடா வைத்த மேசைத்துணி

தேவாலயத்தின் திருவிருந்து மேசைத்துணியும் கண்ணாடிக்காரரின் சங்கத்து ஏப்ரனும் ஒரே வாளியில் ஊறி, மறுநாள் காலை ஒரே துணியாக வெளியே வந்தன. பிசகு அவர் மனைவி தையல்காரியுடையது. மேசைத்துணி துவைப்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் பொறுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு கூடும் சகோதர சங்கத்துக்கு அவர் கட்டிக்கொண்டு போகும் வெள்ளை ஏப்ரனும் அவள் தலையில்தான் விழுந்தது. எப்போதும் தனித்தனியாகத்தான் துவைப்பாள். அன்று அழுதுகொண்டே நனைத்ததில் கவனம் தப்பிவிட்டது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கே ஒரு தையலும் அகப்படவில்லை. கத்தரிக்கோலோ வாயைத் திறக்க மாட்டேனென்றது.

அழவைத்தவர் போதகர். நல்ல மனிதர், அதனால்தான் வருத்தம் அதிகம். கட்டின மனைவிக்கும் சொல்லக்கூடாத ஒன்றைப் பூட்டிய அறைக்குள் சத்தியம் பண்ணிவிட்டு வருகிறவர் ஆண்டவரின் மேசைக்கு வரக்கூடாது, சங்கத்தை விட்டால் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் பக்கத்தில் கணவர் இல்லாமல் முழங்கால் போடுவது பாதி ஆளாய்ப் போவது போலிருந்தது. சங்கத்தை விட்டுவிடச் சொல்லி அவரிடம் கெஞ்சினாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாத அவருக்கு, டைபாய்டில் கிடந்தபோது முறைவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள்.

"அங்க பண்ணின சத்தியத்தை இன்னைக்கு உடைச்சா, உனக்குப் பண்ணினதை நீ எதை வெச்சும்மா நம்புவே?" என்றார். அத்தனை கோபத்திலும் அவளுக்கு அந்த மனுஷனைப் பிடித்துத் தொலைத்தது.

வேறு துணி இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை அதையே விரித்தார்கள். போதகர் அப்பத்தை எடுத்ததும், மேசையோரம் தொங்கிய ஏப்ரன் நாடாக்கள் இரண்டும் நீளத் தொடங்கின. நடைபாதை வழியே போய், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரின் இடுப்பைச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டன. ஆராதனை முடிந்ததும் தாமாக அவிழ்ந்து சுருங்கிவிட்டன. அடுத்த வாரமும் அப்படித்தான். மூப்பர்கள் இரண்டு வருஷம் கூட்டம் போட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள். சங்கம் கூடும் நாட்களில் கண்ணாடிக்காரர் மேசைத்துணி மொத்தத்தையும் மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன சொன்னார்கள் என்பது வழக்கம்போல் யாருக்கும் தெரியாது.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு, போதகர் அப்பத்தட்டோடு படியிறங்கி, நாடாவைப் பார்த்துக்கொண்டே கடைசி பெஞ்சுவரை நடந்தார்.

"உங்களை மேசைக்கு வரவேண்டாம்னு சொன்னேன். அதுல மாத்தமில்ல," என்றார். "ஆனா மேசையே உங்களைத் தேடி இவ்வளவு தூரம் வருது. நான் குறுக்க நிக்க முடியுமா?"

தையல்காரி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, கணவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

சங்கத்துக்குள் என்ன நடக்கிறதென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில், நடைபாதையில் நாடா கிடக்கும், கொஞ்சம் காலைத் தூக்கி வையுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.