மேலே போன கண்

அந்தக் காலையில் ஸ்டுடியோவில் மூன்று பேர். விளக்குக்கு எதிரே முக்காலியில் அண்ணி. கதவோரப் பெஞ்சில் அண்ணன், மடியில் அண்ணி மாற்றிப் போட்டுக்கொள்ளத் தேய்த்து மடித்த மூன்று காக்கிச் சட்டைகள். காமிராவுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், அண்ணனின் தங்கையான போட்டோக்காரி.

ஒரு பத்திரிகை அட்டைக்குப் பெண் ஓட்டுநரின் முகம் கேட்டிருந்தார்கள். போட்டோக்காரிக்கு இதுதான் முதல் அட்டை. படமும் அண்ணியின் சம்மதக் கடிதமும் நாலு மணித் தபாலில் போயாக வேண்டும். பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டும் அண்ணியோ கறாராகச் சொல்லியிருந்தாள்: “என் மூஞ்சி எனக்குப் பிடிச்சாதான் கையெழுத்து. லைசென்ஸ் போட்டோல திருடி மாதிரி இருக்கேன். அது ஒண்ணே போதும்.”

மூன்று நாள் மண்டையை உடைத்துப் பன்னிரண்டு போஸ் எழுதி வைத்திருந்தாள் போட்டோக்காரி. எட்டு முடிந்தது. எட்டிலும் அண்ணி கட்டைபோல விறைத்திருந்தாள். கண் மட்டும் அடிக்கடி மேலே போனது.

“அண்ணி, லென்ஸைப் பாருங்க. மேல என்ன இருக்கு?”

“தெரியலம்மா, தானா போகுது.”

“பல்லு பிடுங்க வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கா,” என்று எழுந்துபோய் வாசற்படியில் நின்றான் அண்ணன்.

“படியில நிக்காதீங்க, உள்ள வாங்க!” அதட்டிய அண்ணியின் கண் சட்டென்று மேலே பாய்ந்தது. அந்த ஒரு நொடி, என்ன முகம் அது!

போட்டோக்காரி வாளியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் படியில் தொங்குபவர்களை ஓட்டுநர் பார்க்கும் கண்ணாடி அந்த இடத்தில்தானே!

பட்டியல் குப்பைக்குப் போனது. காமிரா ஏணிமேல் ஏறியது. லென்ஸுக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டினாள். வெளிச்சம் திருப்பும் வெள்ளை வட்டத் தட்டை அண்ணியின் கையில் கொடுத்ததும் விரல்கள் தாமாகவே ஸ்டியரிங் பிடித்தன. கன்னத்தில் வெளிச்சம் ஏறியது.

“அண்ணே, அண்ணிக்குப் பின்னாடி போ. டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி முழி.”

“அதுக்கு அவர் நடிக்கவே வேண்டாம்,” என்றாள் அண்ணி, கண்ணாடியில் கணவனைப் பார்த்து.

கிளிக். கிளிக். கிளிக்.

அச்செடுத்த படத்தை அண்ணி ஜன்னலருகே கொண்டுபோனாள்.  போட்டோக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பஸ்ஸுல ஏறுறவங்க இவளையா பாக்குறாங்க?” என்றாள் அண்ணி மெதுவாக. “பேனா எங்க?”

உறையை ஒட்டும்போது மணி மூன்றரை. போட்டோக்காரியின் ஸ்கூட்டரை அண்ணியே விரட்டினாள். தபால் பெட்டிக்குள் உறையைத் தள்ளியவளும் அவள்தான். விழுந்த சத்தம் கேட்டபிறகே கையை எடுத்தாள்.